அம்மன் கண் சிவந்த ஞாயிற்றுக்கிழமை

தனியாக வாழ்கிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. வைத்த பொருள் வைத்த இடத்திலேயே இருக்கும். ஊரப்பாக்கத்தில் என்னுடைய ஒற்றைப் படுக்கையறை வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் சர்க்கரை டப்பா வரும். கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நீட்டினால் உப்பு. கரண்ட் போனால்கூட மெழுகுவத்தி தேடமாட்டேன், இருட்டிலேயே காப்பி போட்டுவிடுவேன். போட்டுவிட்டு, இந்தச் சாமர்த்தியத்தை யாரிடமாவது சொல்லிப் பீற்றிக்கொள்ளலாமே என்று திரும்பினால், அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

இந்தச் சாமர்த்தியம்தான் ஏழெட்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் அம்மனின் கண்ணைச் சிவக்க வைத்தது. நானேதான் வைத்தேன். இதில் அம்மனுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். மாணவர்கள் வருவதற்கு முன் கரைசல் தயாரித்து வைப்பது, போன பிறகு கழுவிக் கவிழ்ப்பது, இதுதான் வேலை. நாள் முழுக்க நான் பேசுவது ‘பியூரெட்டை உடைச்சிடாதீங்க’, ‘குழாயை மூடிட்டுப் போங்க’ அவ்வளவே. அப்பாவும் அம்மாவும் மயிலாடுதுறையில் அண்ணன் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன்.” “சரி வச்சிடவா?” வைத்துவிடுவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் குக்கரோடு பேசிக்கொண்டிருப்பேன். அதுவும் மூன்று விசிலோடு பேச்சை நிறுத்திக்கொள்ளும்.

அப்படி வாயெல்லாம் துருப்பிடித்துக் கிடந்த நேரத்தில்தான், பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் போய் மின்வேதியியலைச் செய்துகாட்டும் ஒரு தன்னார்வக் குழுவுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். மின்வேதியியல் என்றதும் பயந்துவிடாதீர்கள். எலுமிச்சம்பழத்தில் ஆணியைச் செருகிக் குட்டி விளக்கை எரிய வைப்பார்களே, அந்தக் குடும்பம்தான். நான் உடனே பெயர் கொடுத்தேன். அறிவியல் தொண்டு என்று கல்லூரியில் சொல்லிக்கொண்டேன். உண்மையில், நான் பேசுவதை நாலு பேர் உட்கார்ந்து கேட்கவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஒரு வாரம் என் சமையல் மேடையில் ஒத்திகை பார்த்தேன். இடது ஓரம் மயில்துத்தக் கரைசல், அதாவது நீல டப்பா. பொருளை அதில் தொங்கவிட்டு மின்சாரம் கொடுத்தால் அதன்மேல் செம்பு படியும். வலது ஓரம் வெந்நீர்த் தொட்டி. அடியில் அலுமினியத் தாளைப் பரப்பி, உப்பும் சமையல் சோடாவும் போட்டுக் கறுத்த வெள்ளியை முக்கினால் கறுப்பு ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவில் அலசுவதற்கு ஒரு பேசின் நிறைய நல்ல தண்ணீர். ஒத்திகை முடிவதற்குள் என் கை தேறிவிட்டது. சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், பின்னால் கையை நீட்டி நடு பேசினில் அலசுவேன். சுவரும் வாயைத் திறக்காமல் கேட்டது.

அந்த ஞாயிறு காலை, கூட வரவேண்டியவர் ‘வைரல் ஃபீவர்’ என்று செய்தி அனுப்பினார். (மத்தியானம் அவர் ஸ்டேட்டஸில் பிரியாணி இருந்தது. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.) தனியாகவே செங்கல்பட்டுக்கு ரயில், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். நீலக் கரைசல் பாட்டிலைப் பார்த்து கண்டக்டர், “இன்னாம்மா இது? கொட்டிச்சினா சீட்டெல்லாம் நாஸ்தியாப் பூடும்” என்றார். வழி முழுக்க அதை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன்.

குப்பத்துப் பள்ளிக்கூட வாசற்படியில் ஒரு பெண் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் விழா, அதற்கான வெங்காயம். பெயர் கௌரி. திருக்கழுக்குன்றம் சந்தையில் மீன் விற்கிறவள். அந்தக் குரலுக்கு எங்கள் கல்லூரி மைக்கே தேவைப்படாது.

“இன்னா டீச்சர், ஒண்டியா வந்துகீற? கூட ஆளு இல்லியா?”

“அவருக்கு ஜுரம்ங்க.”

“அதுக்குன்னு இம்மாம் பெரிய பையத் தூக்கிகினு வருவியா? குடு இப்டி.”

(நான் டீச்சர் இல்லை. ஆனால் அந்தப் பட்டத்தை மறுத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை.)

ஆரம்பம் அமர்க்களமாகவே இருந்தது. மஞ்சள் தடவிய தாளைக் கடல் தண்ணீரில் நனைத்து, மின்சாரம் வரும் ஒயரால் அதன்மேல் எழுதினால், எழுதிய இடம் குங்குமமாகச் சிவக்கும். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு பெயர் எழுதினார்கள். அடுத்து ஒரு எவர்சில்வர் கரண்டியை நீல டப்பாவில் தொங்கவிட்டுச் செம்புக் கரண்டி ஆக்கினேன். கைதட்டல்! அடுத்து வெள்ளி. யாரோ ஒருத்தி கறுத்துப்போன கொலுசைக் கழற்றிக் கொடுத்தாள். வெந்நீரில் போட்டதும் அழுகிய முட்டை நாற்றம் லேசாகக் கிளம்பியது. கருவாடு காயும் ஊரில், அத்தனை பெண்களும் என் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் கொலுசு வெளியே வந்தபோது புதுசாக இருந்தது. அவ்வளவுதான், ஊர்ப் பெண்கள் எல்லாரும் கொலுசு, மெட்டி, அருணாக்கொடி என்று கொண்டுவந்து குவித்துவிட்டார்கள்.

கௌரி அக்கா எழுந்து வீட்டுக்குப் போனாள். மஞ்சள் துணியில் எதையோ சுற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். பிரித்தால், அம்மனின் வெள்ளிக் கண்மலர். சாயங்காலம் அலங்காரத்தில் அம்மன் முகத்தில் பதிக்கிற கண் இரண்டும் ஒரே வளையத்தில் கோத்திருந்தது. கடல் காற்றில் கரிக்கட்டையாகக் கறுத்துக் கிடந்தது.

அதை ஒவ்வோர் ஆடியிலும் ஒரு வீட்டில் கொடுத்து வைப்பார்கள். அந்த வீட்டார் அதைத் துலக்கிச் சாயங்காலம் கோயிலில் ஒப்படைக்கவேண்டும். அது பெரிய மரியாதை. கௌரி அக்காவின் புருஷன் ஏதோ வலைத் தகராறில் ஊர்த் தலைவரான நாட்டாரை எதிர்த்துப் பேசிவிட்டதால் அவர்கள் வீட்டை ரொம்ப காலமாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். இந்த வருடம்தான் மனம் இறங்கிக் கொடுத்திருந்தார்கள்.

“புளி போட்டுத் தேச்சித் தேச்சி கை ஓஞ்சி பூட்ச்சி. இத்தயும் கொஞ்சம் பண்ணேன் டீச்சர். பத்ரம், எங்க வூட்டு மானம் அதுல கீது.”

நான் வாங்கி வெந்நீரில் விட்டேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பு கரைந்து கண் இரண்டும் பளிச்சென்று விழித்தன. பெண்கள் குலவை போட்டார்கள். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் குலவை போட்டதில்லை. (அம்மனுக்காகத்தான் போட்டார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.)

அந்த நொடியிலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்துவேனா? வருடக்கணக்கில் சேர்ந்து கிடந்த பேச்சு அத்தனையும் கிளம்பிவிட்டது. மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்று முழங்கினேன். “எலக்ட்ரான்னு ஒண்ணு இருக்கு. அதுக்குத் தனியா இருக்கவே பிடிக்காது. எப்ப பாத்தாலும் எங்கயாவது ஓடிப்போய் யாரோடயாவது ஒட்டிக்கணும். அதான் அதோட குணம்.”

கௌரி அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: “அம்மாந்தூண்டு அதுக்கே ஒண்டியா இருக்கப் புடிக்கல. அப்ப நீ ஏன் டீச்சர் ஒண்டியா கீற?”

பள்ளிக்கூடமே சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. பதில் இல்லாதபோது நான் செய்கிற ஒரே காரியம் இன்னும் வேகமாகப் பேசுவது. கறுப்பு என்றால் என்ன, கந்தகம் எங்கிருந்து வருகிறது என்று தொண்டை கிழியப் பேசிக்கொண்டே, கையை மட்டும் பின்னால் விட்டேன். வெந்நீர் சுட்டது. கரண்டியைக் கழற்றிய, முதலை வாய் மாதிரிக் கவ்வும் கிளிப் ஒயரோடு பக்கத்திலேயே கிடந்தது. அதில் கண்மலரின் வளையத்தைக் கவ்வி எடுத்து, என் சமையல் மேடையில் செய்வது போலவே, திரும்பிப் பார்க்காமல், நடுவில் இருந்த பேசினில் விட்டேன். விட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன்.

நடுவில் பேசின் இல்லை. “வெங்காயம் கொட்ட ஏனம் பத்தல” என்று கௌரி அக்கா அதைக் கொஞ்ச நேரம் முன்பே எடுத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெங்காயத்தைப் போட்டுக்கொண்டு போயிருந்தாள். போகிறபோது, ஓரத்தில் இருந்தால் பிள்ளைகள் கை பட்டு விழுந்துவிடும் என்று நீல டப்பாவை வேறு நடுவுக்கு நகர்த்தி வைத்திருந்தாள். கரண்டிக்குப் போட்ட சுவிட்சை நான் அணைக்கவே இல்லை.

கௌரி அக்காவின் மகள் பிரியா, அப்போது ஆறாம் வகுப்பு, முன்வரிசையிலிருந்து மெதுவாகச் சொன்னாள்: “டீச்சர்… அம்மன் கண்ணு செவந்துகினு வருது.”

நான் திரும்பினேன். நீலத் தண்ணீருக்குள்ளிருந்து அம்மன் என்னையே செக்கச் செவேலென்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐயோ, என் உயிர் உள்ளங்காலுக்கு இறங்கிவிட்டது. வெளியே எடுத்தேன். அழகான, வழவழப்பான செம்பு. அதுவரை நான் செய்ததிலேயே சிறந்த முலாம் அதுதான்.

“அம்மாவுக்குக் கோவம் வந்துட்ச்சிடீ!” என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அலங்காரத்துக்கு முன்னாடி கண்ண வெளில எடுத்தா வேற இன்னா ஆவும்?” என்றாள் இன்னொருத்தி. என் கண்கள் பின்வாசல் எங்கே என்று தேடின. (பள்ளிக்கூடத்துக்குப் பின்வாசல் கிடையாது. அந்தப் பக்கம் கடல்.)

கௌரி அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. போய்க் கதவைச் சாத்தினாள். “ஒருத்தியும் வெளில போவாதீங்க. நாட்டாருக்குத் தெரிஞ்சிதுன்னா மறுபடியும் எங்க வூட்டத் தள்ளி வெச்சிடுவாங்க.” தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கதவிலேயே முதுகை அண்டக் கொடுத்து நின்றாள். அதைப் பார்த்ததும் எனக்கு ஓடிப்போகும் எண்ணம் போய்விட்டது. என் நாலு கைதட்டலுக்காக ஒரு குடும்பத்தின் மரியாதையை டப்பாவில் முக்கி எடுத்திருக்கிறேன், பாவி.

பதற்றத்தில் அறிவு வேலை செய்யாது. புளி கொண்டு வரச் சொன்னேன். வந்தது. தேய்த்தேன். புளி போட்டால் செம்பு பளபளக்கும் என்று வீட்டில் ஒரு செம்புக் குடம் வைத்திருக்கிற யாருக்கும் தெரியும். வேதியியல் படித்த எனக்குத் தெரியவில்லை. அம்மன் கண் முன்னைவிடச் சிவந்து ஜொலித்தது. விபூதி போட்டும் தேய்த்தேன், இன்னும் ஜொலித்தது.

“இன்னா டீச்சர், எண்ணெய ஊத்தி ஊத்தி எரிக்கற? ஒட்ட வெக்கத் தெரிஞ்சவளுக்குப் பிரிக்கத் தெரியாதா?” என்றாள் கௌரி அக்கா.

பிரிக்க! ஒயரை மாற்றிக் கொடுத்தால் படிந்த செம்பு அத்தனையும் கழன்று வந்த வழியே திரும்பிப் போய்விடும். வெள்ளி அவ்வளவு சீக்கிரம் கரையாது. தேர்வில் இதைக் கேட்டால் தூங்கி வழிகிற மாணவன்கூடச் சொல்வான். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில். கிளிப்பை மாற்றிக் கவ்வினேன். கண்மலரை முக்கினேன். சுவிட்சைப் பார்த்தேன்.

கரண்ட் போய்விட்டது.

“பேட்டரி இருக்கா? ரெண்டு பேட்டரி செல் இருந்தா போதும்” என்றேன். “எதுக்குன்னு மட்டும் யாராண்டயும் சொல்லாதீங்கடீ” என்று கௌரி அக்கா கதவைத் திறந்துவிட்டாள். வீட்டுக்கு வீடு தகவல் பறந்தது. டிவி ரிமோட்டிலிருந்து, டார்ச் லைட்டிலிருந்து, சுவர்க் கடிகாரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து என் முன்னால் கொட்டினார்கள். இரண்டு போதும் என்று நான் மறுபடி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்காக அத்தனை பேர் அப்படி ஓடியது அதுதான் முதல் தடவை. இந்த முறை அம்மனுக்காகவும்தான், சரி, இருக்கட்டுமே.

இரண்டு செல்லை முதுகோடு வயிறு சேர்த்து நான் பிடித்துக்கொள்ள, ஒயரைக் கௌரி அக்கா அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எங்கள் தலைகள் இரண்டும் டப்பாவின் மேல் முட்டிக்கொண்டிருந்தன. அவள் மூச்சில் வெங்காயம் அடித்தது. சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போக, உள்ளேயிருந்து வெள்ளி எட்டிப் பார்த்தது.

“போவுது டீச்சர், போவுது!”

“கையை ஆட்டாதீங்க அக்கா.”

“நீ ஒண்ணும் பேசாத. நீ பேசனதாலதான் இந்தப் பேஜாரே.”

கடைக்கண் ஓரத்தில், கோடு செதுக்கியிருந்த பள்ளத்தில் மட்டும் ஒரு சிவப்பு ரேகை நின்றுவிட்டது. இன்னும் விட்டால் வெள்ளி மங்க ஆரம்பிக்கும் என்று எடுத்துவிட்டேன். கௌரி அக்கா வெங்காயத்தையெல்லாம் தன் முந்தானையில் கொட்டிக்கொண்டு, பேசினில் புதுத் தண்ணீர் பிடித்துவந்து என் கையில் கொடுத்தாள். இந்தத் தடவை கண்ணால் பார்த்து அலசினேன்.

பிறகு பையைக் கட்ட ஆரம்பித்தேன். அப்படியே நழுவி பஸ் பிடித்துவிடலாம் என்று கணக்கு. கௌரி அக்கா பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“எங்க போற? சாயந்தரம் நாட்டாரு பாத்துட்டு எதுனா கேட்டா, நான் ஒண்டியா மாட்டிகினு முழிக்கணுமா? நீயும் இரு.”

கல்யாணத்துக்கு வா, விருந்துக்கு வா என்று எத்தனையோ பேர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். திட்டு வாங்கக் கூட இரு என்று யாரும் கூப்பிட்டதில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

சாயங்காலம் அலங்காரம். மஞ்சள் பூசிய முகத்தில் கண் இரண்டும் பதிந்ததும் நாட்டார் கிட்டே போய் நின்றார். குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என் பக்கத்தில் கௌரி அக்கா என் மணிக்கட்டை நெரித்தாள். வளையல் இருந்திருந்தால் நொறுங்கியிருக்கும்.

“கௌரி.”

“சொல்லு நைனா.”

“கண்ணு நல்லா தெளிஞ்சி கீது. ஓரத்துல மட்டும் இன்னா, லேசா செவந்துகீது?”

கௌரி அக்கா சட்டென்று சொன்னாள்: “திருவிழான்னா வூட்டுப் பொம்பளைக்குத் தூக்கம் ஏது நைனா? அம்மா மட்டும் தூங்கினாளா?”

நாட்டார் தலையை ஆட்டினார். “அதுவும் சரிதான்” என்று கற்பூரத்தைக் கையில் எடுத்தார். பின்னால் நின்ற பெண்கள் அத்தனை பேரும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார்கள். நான் கூழையும் கருவாட்டுக் குழம்பையும் அழுதுகொண்டே சாப்பிட்டேன். காரம் என்று சொன்னேன்.

அதன் பிறகு எல்லா ஆடிக்கும் எனக்கு அழைப்பு உண்டு. என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது, ‘கண்ணு செவந்த டீச்சர்’ என்றால்தான் தெரியும். அந்தக் குப்பத்தில் இன்றுவரை எந்த இரண்டு கடிகாரமும் ஒரே மணி காட்டாது. அன்று செல்லைத் திரும்பப் போட்டபோது ஆளாளுக்கு ஒரு குத்துமதிப்பில் முள்ளைத் திருப்பிக்கொண்டார்கள். படகு தாமதமானாலும், பஸ்ஸைத் தவறவிட்டாலும் பழி எனக்குத்தான். நான் செய்துகாட்டப் போகிற நாளில் யாராவது ஒருத்தி கட்டாயம் என் பேசினை ஒளித்து வைப்பாள். தப்பு யாருடையது என்று எனக்கும் கௌரி அக்காவுக்கும் இன்னும் வழக்கு நடக்கிறது. “நீங்க பேசினை எடுத்தீங்க” என்பது என் கட்சி. “பாக்காம கைய வுட்டது நீ” என்பது அவள் கட்சி.

போன வருடம் பிரியா பொத்தேரியில் கல்லூரியில் சேர்ந்தாள். விடுதியில் இடம் கிடைக்கிற வரை தாயும் மகளும் என் வீட்டில் தங்கினார்கள். முதல் நாள் நான் கல்லூரியிலிருந்து திரும்புவதற்குள் கௌரி அக்கா என் சமையல் மேடையைத் தன் வசதிக்குப் பிரித்து அடுக்கியிருந்தாள். எனக்கு அது தெரியாது. “உக்காருங்க அக்கா, நான் காப்பி போடறேன்” என்றேன். வழி முழுக்க நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், பின்னால் கையை நீட்டி டப்பாவை எடுத்து மூன்று டம்ளரிலும் தாராளமாகப் போட்டேன்.

கௌரி அக்கா ஒரு வாய் குடித்தாள். பக்கத்துச் சன்னலுக்கு வெளியே துப்பினாள். போனை எடுத்துக் குப்பத்துக்கு அடித்தாள். “ஏய், கேட்டியா? டீச்சரு மறுபடியும் பாக்காம கைய வுட்டா! உப்பு காப்பி!” அந்தப் பக்கம் பலபேர் சேர்ந்து சிரிக்கிற சத்தம் என் சமையலறை முழுக்கக் கேட்டது.

விடுதியில் இடம் கிடைத்து அவர்கள் கிளம்பிப் போனார்கள். வீடு பழையபடி சத்தமில்லாமல் ஆகிவிட்டது. மேடையைப் பழையபடி அடுக்கிவிடலாம் என்று டப்பாவைக் கையில் எடுத்தேன். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். இன்றுவரை மாற்றவில்லை. கை இன்னும் பழகவில்லை, அடிக்கடி உப்புக் காப்பிதான் குடிக்கிறேன்.